கிறிஸ்துமஸ் இரவில் நாயையும் பூனையையும் பத்திரமாக வைத்திருப்பது எப்படி?

கேள்வி: ஞானஒளிவுபுரத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். மதுரை ஞானஒளிவுபுரத்தில், ஆலயத்துக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு இருக்கிறது. மூன்று வயதுள்ள நாட்டு நாய் ஒன்றை வளர்க்கிறோம், பெயர் மணி. ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு வெளியே மழையில் நனைந்து கிடந்த குட்டியை என் கணவர் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்தார். அன்று முதல் எங்கள் இரண்டு பிள்ளைகளோடு மூன்றாவது பிள்ளையாக அது வளர்கிறது.

சென்ற ஆண்டு டிசம்பர் 24 இரவு நாங்கள் நால்வரும் நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்பட்டபோது, வழக்கம்போல மணியைக் கொல்லைப்புறத்து வேப்பமரத்தில் சங்கிலியால் கட்டிவிட்டுப் போனோம். நள்ளிரவில் தெரு முழுவதும் வெடித்த சரவெடிச் சத்தத்தில் அது சங்கிலியை அறுத்துக்கொண்டு மதிலைத் தாண்டி ஓடிவிட்டது. பண்டிகை நாள் முழுவதும் தேடினோம். அடுத்த நாளும் தேடினோம். 27-ஆம் தேதி மாலை, வைகைக்கு அக்கரையில் செல்லூர்ப் பக்கம் நின்றிருந்த ஒரு லாரிக்கு அடியில் அதைக் கண்டபோது, முன்னங்கால் பாதங்கள் இரண்டும் தோலுரிந்திருந்தன. கழுத்துப்பட்டையில் அறுந்த சங்கிலியின் நான்கு கண்ணிகள் தொங்கிக்கொண்டிருந்தன. என் குரலைக் கேட்ட பிறகும் வெளியே வருவதற்கு அதற்கு அரை மணி நேரம் பிடித்தது. கட்டிவைத்தது நான்தான் என்பதால் அந்த வருத்தம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அதிலிருந்து குக்கர் விசில் அடித்தாலும், கையிலிருந்து ஒரு தட்டு நழுவி விழுந்தாலும், மணி கட்டிலுக்கு அடியில் போய் நடுங்குகிறது. இந்த ஆண்டு ஏழு மாதப் பூனைக்குட்டி ஒன்றும் சேர்ந்திருக்கிறது. பிள்ளைகள் குடிலோடு கிறிஸ்துமஸ் மரமும் வைக்க வேண்டும் என்கிறார்கள். தூத்துக்குடியிலிருந்து உறவினர்கள் வருகிறார்கள். கேக்குக்கு உலர்திராட்சையை ஊறவைத்தாயிற்று. மாமியார் வழக்கம்போலத் திராட்சை ஒயினும் போட்டிருக்கிறார்கள். அன்றிரவு மணிக்கு அரைத் தூக்க மாத்திரை கொடுத்துவிட்டால் போதும் என்று மருந்துக் கடையில் ஒருவர் சொன்னார். கொடுக்கலாமா? நான் திருப்பலிக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்க வேண்டுமா? இன்னும் மூன்று வாரம் இருப்பதால் இப்போதே கேட்கிறேன்.

மறுமொழி 1: ஆனையூரிலிருந்து, ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். மூன்று வாரம் முன்னதாகக் கேட்டது மிகவும் நல்லது. பெரும்பாலோர் 24-ஆம் தேதி மாலையில்தான் கேட்பார்கள். அப்போது எங்களால் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை.

முதலில் அந்தத் தூக்க மாத்திரையை மறந்துவிடுங்கள். மனிதருக்குரிய மாத்திரையை அளவு தெரியாமல் கொடுப்பது ஆபத்து. நாய்களை மயக்குவதற்காகவே உள்ள மருந்துகளிலும் எல்லாம் அச்சத்தைத் தணிப்பவை அல்ல. ஏசிபுரோமசின் என்ற பழைய மருந்தைத் தனியாகக் கொடுத்தால் நாயின் உடல் தளர்ந்து படுத்துவிடும். ஆனால் காது கேட்கும், பயமும் அப்படியே இருக்கும். ஓட முடியாத நிலையில் பயத்தை மட்டும் அனுபவிக்கும் அந்த நாயைப் பார்த்து, நன்றாகத் தூங்குகிறது என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். கேபாபென்டின், டிரசோடோன் போன்ற மருந்துகள் உண்மையிலேயே பதற்றத்தைக் குறைக்கின்றன. அவற்றை நாயின் எடையையும் உடல்நிலையையும் பார்த்து மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். சத்தம் தொடங்குவதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். பண்டிகைக்குச் சில நாள் முன்னதாக ஒருமுறை கொடுத்து, உங்கள் நாய்க்கு அது எப்படி ஒத்துக்கொள்கிறது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே இந்த வாரமே மணியை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

ஒலியின் அதிர்வெண்ணை அளக்கும் ஹெர்ட்ஸ் கணக்கில், மனிதக் காது ஏறத்தாழ 20,000 வரைதான் கேட்கும்; நாயின் காது 45,000 வரையும், பூனையின் காது 64,000 வரையும் கேட்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நமக்கு ஒரு வெடிச் சத்தம் என்பது அதற்கு எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும் என்று எதுவும் விளங்காத பேரிடி. அந்த நேரத்தில் சங்கிலியில் கட்டப்பட்ட நாய்க்கு ஓடவும் வழியில்லை, ஒளியவும் வழியில்லை. இதை உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் கட்டி வளர்த்தோம். இந்த ஆண்டு அன்றிரவு மட்டுமாவது சங்கிலியும் வேண்டாம், கொல்லைப்புறமும் வேண்டாம், மொட்டைமாடியும் வேண்டாம்.

வீட்டின் நடுவில் இருக்கும், சன்னல் குறைந்த ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். மணி தானாகப் போய் ஒளியும் கட்டில் எந்த அறையில் இருக்கிறதோ அதுவே சிறந்தது, ஏனென்றால் அந்த இடத்தை அதுவே தேர்ந்தெடுத்திருக்கிறது. கட்டிலின் மூன்று பக்கமும் கனமான போர்வையைத் தொங்கவிட்டு, அடியில் அது வழக்கமாகப் படுக்கும் சாக்கையும் நீங்கள் உடுத்தித் துவைக்காத பழைய சேலை ஒன்றையும் போடுங்கள். இன்று முதலே ஒருவேளைச் சாப்பாட்டை அந்த அறையில் வையுங்கள். அன்று மட்டும் புதிதாகக் கொண்டுபோய் அடைத்தால் அதற்கு அது சிறையாகத்தான் தோன்றும். சன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டு, வானொலியையும் மிதமான ஒலியில் வையுங்கள். வெளிச் சத்தம் முழுவதும் மறையாது, திடீரென்று அறையும் கூர்மை குறையும்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, கிறிஸ்துமஸ் இரவிலும் புத்தாண்டு இரவிலும் 11.55 மணி முதல் 12.30 மணி வரைதான் பட்டாசு வெடிக்கலாம். நம் தெருவில் அதற்கு முன்னும் பின்னும் வெடிப்பார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், மிகக் கடுமையான நேரம் அந்த 35 நிமிடம்தான். மாலையில் இருட்டுவதற்கு முன்பே நன்றாக நடக்கவைத்துக் கூட்டி வாருங்கள். இரவுச் சாப்பாட்டை 8 மணிக்குள் கொடுத்துவிடுங்கள். சிறுநீர் கழிக்க வெளியே கூட்டிச் செல்வதாக இருந்தால் 10 மணிக்கு முன், தெருக்கதவைப் பூட்டிவிட்டு, கையில் கயிற்றோடு செல்லுங்கள்.

பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்று பலர் சொல்வார்கள், அது சரியல்ல. பயம் என்பது ஓர் உணர்ச்சி. ஆறுதல் சொன்னதால் யாருக்கும் பயம் கூடியதில்லை. மணி உங்கள் மடியைத் தேடி வந்தால் தடவிக்கொடுங்கள். அடியில் ஒளிந்துகொண்டால் இழுத்து வெளியே எடுக்காமல் அருகில் தரையில் உட்கார்ந்திருங்கள். வீட்டில் யாராவது ஒருவர் இருக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். சென்ற ஆண்டு நடந்ததைப் பார்க்கும்போது, அவசியம் இருக்க வேண்டும் என்பதே என் பதில்.

மறுமொழி 2: மேலூர்ப் பக்கத்திலிருந்து

அக்காவுக்கு வணக்கம். டாக்டர் ஐயா சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகமில்லை. நான் இரண்டு சிப்பிப்பாறை நாய்கள் வைத்திருக்கிறேன். வேட்டைக்காகவே வளர்க்கப்பட்ட இனம் என்பதால் பயந்து ஓடத் தொடங்கினால் கண் இமைப்பதற்குள் இரண்டு வயல் தாண்டிவிடும். அதனால் எங்களுக்கு நாய் தொலைந்துபோவதுதான் பெரிய கவலை. கழுத்துப்பட்டையில் கைப்பேசி எண்ணைத் தகட்டில் பொறித்துப் போட்டுவிடுங்கள். மை எழுத்து மழையில் அழிந்துவிடும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால் தலையைப் பின்னுக்கு இழுத்துக் கழற்றிக்கொள்ளும். முகமும் உடலின் பக்கவாட்டும் தெளிவாகத் தெரியும்படி இன்றே ஒரு படம் எடுத்து வையுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டையையும் கையில் எட்டும் இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று, கேரல் குழுவினர். டிசம்பர் தொடங்கியதும் டிரம் அடித்துக்கொண்டு இரவில் வருவார்கள். முகமூடியும் சிவப்பு அங்கியும் அணிந்த கிறிஸ்துமஸ் தாத்தா முன்னால் வருவார். சாந்தமான நாய்கூட முகம் தெரியாத மனிதர் வாசலுக்குள் நுழைந்தால் பாய்ந்துவிடும். உங்கள் பங்கு ஆலயத்தில், எந்தத் தேதியில் உங்கள் தெருவுக்கு வருகிறார்கள் என்று முன்பே கேட்டுக்கொண்டு, வாசலுக்கு வெளியே நின்று பாடும்படி ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாங்கள் கேட்டபோது அவர்கள் மகிழ்ச்சியாக ஒத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டு வாசலில் டிரம் இல்லாமலேயே ஒரு பாட்டுப் பாடினார்கள்.

பிறகு, நாய் கேக்கையோ வேறு எதையோ தின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். கைப்பிடிப் புளியைக் கரைத்து, உப்புப் போட்டு வாயில் ஊற்றினால் எல்லாவற்றையும் வாந்தி எடுத்துவிடும். எங்கள் தாத்தா காலத்திலிருந்து இப்படித்தான் செய்கிறோம்.

மறுமொழி 3: ஆனையூரிலிருந்து, மீண்டும்

மேலூர்த் தம்பி சொன்ன மற்ற அனைத்தும் பொன்னான யோசனைகள். புளிக்கரைசலை மட்டும் தயவுசெய்து யாரும் கொடுக்க வேண்டாம். நானும் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி வரை இதை நானே தடுத்ததில்லை. அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது நெடுநாளாகத் தெரியும். எந்தப் பொருளால் கெடுகிறது என்பதுதான் தெரியாமல் இருந்தது. 2021-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள், அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். சமையலுக்குப் பயன்படும் டார்டர் உப்பைத் தின்ற நாய்களுக்கும், புளியைத் தின்ற நாய்களுக்கும் திராட்சை தின்றவற்றைப் போலவே சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைக் கவனித்தே இந்த முடிவுக்கு வந்தார்கள். நம் புளியில் திராட்சையில் உள்ளதைவிடப் பல மடங்கு டார்டாரிக் அமிலம் இருக்கிறது. உலர்திராட்சை தின்ற நாய்க்குப் புளிக்கரைசலைக் கொடுப்பது, எந்த நஞ்சை வெளியேற்ற நினைக்கிறோமோ அதையே கூடுதலாக ஊற்றுவதாகும். உப்பும் தீங்குதான்: வாந்தி வராமல் உப்பு உள்ளேயே தங்கிவிட்டால் இரத்தத்தில் உப்பின் அளவு ஏறி வலிப்பு வரும். தாத்தா காலத்தில் எத்தனையோ நாய்கள் பிழைத்திருக்கலாம். இறந்தவை எதனால் இறந்தன என்று அப்போது யாரும் பார்க்கவில்லை.

இத்தனை திராட்சை வரை தின்றால் ஒன்றும் ஆகாது என்று சொல்லக்கூடிய அளவு கிடையாது. சில நாய்கள் நிறையத் தின்றும் தப்பிவிடும். சிலவற்றுக்குச் சிறிதளவே போதும். பெரும்பாலும் முதல் நாளில் வாந்தியும் சோர்வும் வரும். ஓரிரு நாளில் சிறுநீர் குறையும். சிறுநீர் நின்ற பிறகு கொண்டுவந்தால் காப்பாற்றுவது கடினம். தின்றது தெரிந்த உடனே, நாய் துள்ளிக் குதித்து விளையாடிக்கொண்டிருந்தாலும், மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் ஊசி போட்டு வாந்தி எடுக்கவைத்து, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினால் பெரும்பாலான நாய்கள் பிழைத்துக்கொள்ளும்.

சகோதரி வீட்டில் கேக்கைவிட எனக்குப் பயமாக இருப்பது ஒயின்தான். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் பன்னீர் திராட்சையை வாங்கிச் சாடியில் போட்டு ஒயின் எடுத்தபின், பிழிந்த சக்கையைக் கொல்லையில் வாழைக்கோ கறிவேப்பிலைக்கோ உரமாகக் கொட்டுவது நம் வீடுகளில் வழக்கம். இனிப்பும் புளிப்பும் சாராய வாடையும் கலந்த அந்தச் சக்கையை நாய் விரும்பித் தின்னும். அதில் திராட்சையின் நஞ்சும் இருக்கிறது, சாராயமும் இருக்கிறது. சக்கையைப் பையில் இறுகக் கட்டிக் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள். மண்ணில் புதைத்தாலும் தோண்டி எடுத்துவிடும்.

சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாயின் உடலில் மெதுவாகத்தான் கரையும். 10 கிலோ எடையுள்ள நாய் 40 கிராம் கறுப்புச் சாக்லேட் தின்றாலே வாந்தியும் படபடப்பும் தொடங்கலாம். கோகோ தூள் அதைவிடக் கடுமையானது. சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்காகச் சர்க்கரை சேர்க்காத இனிப்பு வாங்கியிருந்தால், உறையில் சைலிட்டால் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது அரை மணி நேரத்திலேயே நாயின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். பிரியாணி எலும்பைப் பாசத்தோடு போடும் உறவினர்களிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்: வெந்த எலும்பு ஊசியாகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். மசாலாவில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. பூனைக்கு அந்தத் தீங்கு இன்னும் அதிகம்.

மறுமொழி 4: நரிமேட்டிலிருந்து

எல்லோரும் நாயைப் பற்றியே எழுதிவிட்டதால், நான் பூனைக்குட்டியைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நான்கு பூனைகள் இருக்கின்றன.

மரத்தில் சுற்றும் ஜிகினாச் சரத்தை இந்த ஆண்டு அறவே தவிர்த்துவிடுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் சாம்பல் நிறப் பூனை அதில் ஒரு முழம் விழுங்கிவிட்டது. இரண்டு நாள் சாப்பிடாமல் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் ஆசனவாயில் வெள்ளி நிறத்தில் அரை விரல் நீளம் மின்னிக்கொண்டிருந்தது. பிடித்து இழுக்கக் கையை நீட்டிவிட்டேன். நல்லவேளையாக என் மகள் தடுத்தாள். நூல் போன்ற பொருளின் ஒரு முனை உள்ளே சிக்கியிருக்கும்போது மறுமுனையை இழுத்தால், அது குடலைச் சுருக்கி ரம்பம்போல அறுத்துவிடும் என்று அறுவை செய்த மருத்துவர் பிறகு விளக்கினார். வாயில் தெரிந்தாலும் பின்னால் தெரிந்தாலும் இழுக்கவும் கூடாது, வெட்டவும் கூடாது; அப்படியே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பரிசுப் பொருள் கட்டும் ரிப்பன், தையல் நூல், பூக்கட்டும் நார் எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

ஏழு மாதக் குட்டி மரத்தில் ஏறாமல் இருக்காது. அடியில் கனமான பலகை வைத்து, உச்சியை மெல்லிய கம்பியால் சன்னல் கம்பியோடு கட்டிவிடுங்கள். கண்ணாடி உருண்டைகளுக்குப் பதிலாகத் துணியிலோ ஓலையிலோ செய்த நட்சத்திரங்களைத் தொங்கவிடுங்கள். குடிலில் வைக்கோல் பரப்பியிருப்பீர்கள். அந்தக் கதகதப்பில் பூனை படுத்துக்கொள்வதில் தவறில்லை. எங்கள் வீட்டில் ஒவ்வோர் ஆண்டும் குழந்தை இயேசுவுக்குப் பக்கத்தில் ஒரு பூனை தூங்கும். அதை நாங்கள் எழுப்புவதில்லை. ஆனால் வைக்கோலுக்குள் சீரியல் விளக்கின் ஒயரை மறைத்து வைக்காதீர்கள். கடித்தால் மின்சாரம் தாக்கும், தீயும் பிடிக்கும். யாரும் இல்லாத நேரத்தில் இணைப்பைப் பிடுங்கி வையுங்கள்.

விருந்தினர் கொண்டுவரும் பூங்கொத்தில் லில்லி இருந்தால் வீட்டுக்குள்ளேயே வேண்டாம். இதழ், இலை, குவளைத் தண்ணீர் என எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உடலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். நம் மாநில மலரான செங்காந்தள் வேறு இனம் என்றாலும் அதுவும் கடும் நஞ்சுதான். சிவப்பு இலைகளோடு தொட்டியில் விற்கும் பாயின்செட்டியாவைப் பற்றிச் சொல்லப்படும் அளவுக்குப் பயப்படத் தேவையில்லை. அதன் பால் வாயில் எரிச்சலையும் எச்சிலையும் உண்டாக்கும், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. பூனைக்குக் காய்ச்சல் என்று நினைத்து யாராவது பாராசிட்டமால் கொடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அதைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். அன்றிரவு குட்டியை மணியோடு ஒரே அறையில் விடாமல், மலம் கழிக்க மண் நிரப்பிய தட்டும் தண்ணீரும் வைத்துத் தனி அறையில் விடுங்கள். பயந்த நாய்க்குப் பக்கத்தில் சின்னஞ்சிறு உயிர் துள்ளினால், அதுவரை ஒருநாளும் கடிக்காத நாயும் கடித்துவிடலாம். பீரோவின் மேலே ஒரு அட்டைப்பெட்டியை வைத்துவிட்டால் பூனை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

மறுமொழி 5: கேள்வி கேட்டவர்

உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. டாக்டர் ஐயா எழுதியதைப் படித்த கையோடு கொல்லைக்கு ஓடினேன். மாமியார் சென்ற வாரம் வடிகட்டிய திராட்சைச் சக்கை வாழையடியில்தான் கிடந்தது. நல்லவேளையாக மேலே தேங்காய் மட்டையைப் போட்டு மூடியிருந்தார்கள். கிளறிய தடம் எதுவும் இல்லை. மண்ணோடு சேர்த்து அள்ளிப் பையில் கட்டிக் கொடுத்துவிட்டோம். மாமியார் வெகுநேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, சமையலறையில் புளிச் சட்டியைக்கூட மேல்தட்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மணியை மருத்துவரிடம் காட்டினோம். எடை 16 கிலோ. மருந்து எழுதித் தந்திருக்கிறார். இந்த ஞாயிறு, சத்தமில்லாத ஒரு நாளில், முதல்முறை கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். கேரல் குழுத் தலைவரிடம் என் கணவர் பேசிவிட்டார். 18-ஆம் தேதி எங்கள் தெருவுக்கு வருகிறார்கள், எங்கள் வாசலில் மட்டும் டிரம் அடிக்க மாட்டார்கள். ஜிகினாவுக்குப் பதிலாகப் பிள்ளைகள் இருவரும் பனையோலையில் நட்சத்திரம் முடைந்துகொண்டிருக்கிறார்கள்.

நள்ளிரவுத் திருப்பலிக்கு அவரும் பிள்ளைகளும் உறவினர்களும் போகிறார்கள். நான் வீட்டில் மணியோடு இருந்துவிட்டுக் காலைத் திருப்பலிக்குப் போகிறேன். கட்டிலைச் சுற்றிப் போர்வை கட்டி, என் பழைய நூல் சேலையைச் சாக்கின் மேல் விரித்து வைத்து நான்கு நாளாகிறது. முதல் இரண்டு நாள் மணி வாசற்படியிலேயே நின்று மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. நேற்று மாலை குக்கர் விசில் அடித்தபோது எழுந்து நேராக அந்த அறைக்குள் போனது. சிறிது நேரம் கழித்துப் போய்ப் போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். சேலை முந்தானையின் மேல் தாடையை வைத்துக்கொண்டு படுத்திருந்தது. நடுக்கம் இல்லை. என்னைப் பார்த்து வாலை ஒருமுறை தரையில் தட்டியது.